அமலோற்பவம் மைனியின் முட்டி

"என் முட்டி வலிய எடுத்துட்டுப் போறதா இருந்தா என்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுல்லா எடுத்திருக்கணும், எத்தனை வருசமா நான் வச்சிருக்கிற வலி, நீ பாட்டுக்குக் கொடியில கிடந்த துணி மாதிரி உருவிட்டுப் போயிட்டியே" என்று அமலோற்பவம் மைனி என் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், என் இடது கால் எனக்கு முன்னால் முக்காலி மேல் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மைனி கீழ்வீட்டிலிருந்து இரண்டு மாடியும் கைப்பிடியைத் தொடாமல், மூச்சு வாங்காமல், கோபத்தோடு ஏறி வந்திருந்தாள், வெறும் இரண்டு வாரம் முன்னால் வரை கோயில் படி ஏறுவதற்கே ஆளுக்கொரு கை கேட்டவள்.

"நான் எடுக்கல மைனி, அதுவா வந்துச்சி" என்றேன். "வேணும்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"எப்படிட்டி ஹில்டா கூட்டிட்டுப் போறது, அதுக்கென்ன கழுத்துல கயிறா கட்டியிருக்கு?"

எங்கள் மிக்கேல் தெருவில் வியாழக்கிழமை தோறும் அன்பியக் கூட்டம் உண்டு, அதாவது தெருவிலுள்ள பங்கு மக்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிப் பாய் விரித்து, ஸ்டூலின் மேல் மாதா சுரூபமும் மெழுகுதிரியும் வைத்து, ஜெபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, அவரவர் கஷ்டத்தை விண்ணப்பமாகச் சொல்லி, டீ குடித்துக் கலைவது. டீயோடு ஒரு பிஸ்கட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது பங்குப் பேரவையின் விதி, வாழைக்காய் பஜ்ஜி பிஸ்கட்டில் சேர்த்தியா இல்லையா என்பது எங்கள் தெருவில் இன்றுவரை தீராத கேள்வி. இந்தக் கூட்டத்தில் எல்லாரும் பாயில் உட்காருவோம், மைனி மட்டும் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் மெத்தை போட்டு உட்காருவாள், எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்கு நாற்காலி முன்னால் போகும், மைனி பின்னால் வருவாள். கோயிலிலும் அப்படித்தான், முன்வரிசை ஓரத்தில் அவளுக்கென்று ஓர் இடம், நன்மை வாங்க நாங்களெல்லாம் வரிசையில் நகர்ந்துகொண்டிருக்க, சாமியார் பீடத்தை விட்டு இறங்கி மைனி இருக்கும் இடத்துக்கே நற்கருணையைக் கொண்டுவருவார். எங்கள் ஆயருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது, அவர் நின்றுதான் ஆகவேண்டும்.

இதற்கெல்லாம் காரணமான அந்த வியாழக்கிழமையும் மைனி தன் முட்டியை மேலிருந்து கீழாகவும் உள்ளிருந்து வெளியாகவும் எங்களுக்கு விளக்கினாள், மேலே ஓர் ஊசி, கீழே ஓர் ஊசி, நடுவில் ஒரு வெந்நீர்ப் பை, மழைக்கு முந்தின நாள் அந்த வெந்நீர் கொதிக்கும், உட்காரும்போது 'கடக்' என்றும் எழும்போது 'கடக்கடக்' என்றும் சொல்லும். நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டி, "வேண்டிக்கிடுதோம் மைனி" என்றோம். அப்படிச் சொல்வது எங்கள் தெருவில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதைப் போல, சொல்லிவிட்டுத் திரும்பி வராமல் போனவர்கள் எத்தனையோ பேர், யாரும் யாரையும் பிடித்துக் கேட்டதில்லை.

நான்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, மைனியின் குரல் காதுக்குள் ஊசி, வெந்நீர், கடக் என்று ஓடிக்கொண்டே இருந்ததால், "ஆண்டவரே, அந்தப் பொம்பளை முட்டிய ஒரு வழி பண்ணும், இனிமே ஒரு வியாழக்கிழமைகூட என்னால இதைக் கேக்க முடியாது" என்று பால் சட்டியைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். பாசத்தில் சொன்னதில்லை, எரிச்சலில் சொன்னது, ஆனால் என் ஆயுசில் அவ்வளவு மனசார நான் எதையும் கேட்டதில்லை. கான்வென்டில் மதர் அசும்ப்தா சொல்லித் தந்த ஜெபங்களையெல்லாம் முழங்காலிட்டு, முதுகை நிமிர்த்தி, நகத்தை வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன், அவை எங்கே போயினவோ எனக்குத் தெரியாது. இது போய்ச் சேர்ந்துவிட்டது.

விடிந்து கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது மேலே ஓர் ஊசி, கீழே ஓர் ஊசி, நடுவில் வெந்நீர்ப் பை. இது யாருடையது என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது, அத்தனை வியாழக்கிழமை கேட்டிருக்கிறேனே. எழுந்து நிற்கப் போனபோது 'கடக்கடக்' என்றது, அதோடு, என் வாயிலிருந்து, என் குரலில் அல்ல, மைனியின் குரலில், "சேசு மரி சூசையே" என்று ஒரு முனகல் வந்தது. பிரசவத்தில்கூட முனகாத என் வாயிலிருந்து. பக்கத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கீழ்வீட்டு மைனி எப்ப வந்தாவ?" என்று கேட்டார், நான் விஷயத்தைச் சொன்னதும், "அப்போ தைலம் எங்க வாங்குதாவன்னு அவியட்டயே கேட்டுரு" என்று சொல்லி மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

தெருவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் பத்திரிகைக்குச் சொல்லவில்லை, வேண்டிக்கொண்டால் வலி இங்கிருந்து அங்கே போகும் என்பதைக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறிவிட்டது என்பதைப் போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அதற்கேற்றபடி வாளியை மாற்றி வைத்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடை சகாயத்துக்கு வந்த விக்கல் அவன் அம்மாவுக்குப் போனது, அம்மாவுக்காக வேண்டிய சித்திக்குப் போனது, சித்தியிடமிருந்து அவள் நாத்தனாருக்கு, நாத்தனாரிடமிருந்து எதிர்வீட்டுக்கு என்று தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விக்கிக்கொண்டே போய், கடைசியில் வீட்டுத் தரகர் மதலைமுத்துவிடம் போய் நின்றது. விக்கல் நடந்து போனதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மதலைமுத்து யாருக்காகவோ வேண்டியிருக்கிறார் என்பதைத்தான் நம்ப முடியாமல் ஆளாளுக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்று விக்கலைக் காதால் கேட்டுவிட்டு வந்தார்கள். அதிசயம் என்ற சொல்லை அப்போதுதான் எங்கள் தெருவில் முதல் தடவையாகக் கேட்டேன்.

முனையிலிருக்கும் டாக்டர், ஊசி போடுவதற்கு முன்னால், "இது உங்க வலியா, வந்த வலியா?" என்று கேட்க ஆரம்பித்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள், அவர்களுடைய அப்பாமார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நடந்தார்கள். இதிலெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் எங்கே வந்தது என்றால், யார் உண்மையாகவே வேண்டுகிறார்கள், யார் வாயால் மட்டும் சொல்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிய ஆரம்பித்ததில்தான் வந்தது.

எங்கள் அன்பியப் பொறுப்பாளர் தார்சிஸ் சார் மன்றாட்டு சொல்ல ஆரம்பித்தால் மெழுகுதிரி பாதியாகும், அவ்வளவு நீளம், அவ்வளவு உருக்கம். அவர் ஞானப்பு அண்ணாச்சியின் பல்வலிக்காக வேண்டிக்கொள்வதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போய், மறுநாள் காலையில் கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு பால் வாங்க வந்தார், எல்லாரும் "ஐயோ பாவம் சார்" என்றார்கள். பின்னாலேயே ஞானப்பு அண்ணாச்சி வந்தார், அவருடைய வலது கன்னம் பப்பாளிப்பழம் மாதிரி அப்படியே இருந்தது, சார் துண்டு கட்டியிருந்தது இடது கன்னத்தில். எல்லாரும் அவரவர் பால் பாத்திரத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும், வாயைத் திறக்க முடியாமல், "அது நம்மளுது இல்ல சார், வேற யாரோடதையோ எடுத்துட்டிய" என்று சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு மாற்றம். யாரும் யாருக்காகவும் வேண்டுவதாகச் சொல்வதில்லை. கஷ்டத்தைச் சொல்கிறவர்களும் சொல்வதில்லை, சொல்லி, யாரும் எடுக்காமல், அந்தக் கஷ்டம் அங்கேயே இருந்தால் எவ்வளவு அவமானம். எல்லாரும் உலக சமாதானத்துக்காக வேண்ட ஆரம்பித்தார்கள், ஒருவர் முடிக்க அடுத்தவர் உலக சமாதானம், அவர் முடிக்க அடுத்தவர் திருத்தந்தையின் கருத்துகளுக்காக, பிறகு மறுபடியும் உலக சமாதானம். எங்கள் மிக்கேல் தெரு அளவுக்கு அந்த மாதத்தில் உலகத்துக்காக உழைத்த தெரு வேறு இருக்காது. அதனால் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், "இதைப் பற்றித் திருச்சபை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னது உண்மை, இந்த மாதிரியா என்றுதான் தெரியவில்லை. எதற்கும் இனிமேல் என்னிடம் வந்து வேண்டிக்கோங்க ஃபாதர் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், எனக்கும் ஓர் உடம்புதான்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று விதமாக இருமினார், அதில் ஓர் இருமல் பெண் குரலில் இருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். முட்டி வலி வந்தவுடன் மைனியின் நீல நாற்காலியும் எனக்கே வந்துவிட்டது, மெத்தையோடு. மைனி பாயில் உட்கார்ந்தாள், கோயிலில் நன்மைக்கு வரிசையில் நின்றாள், முன்னால் நின்ற பையனின் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தபடி, ஊரில் எல்லாரையும் போல. எனக்கோ துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏற முடியவில்லை, அரிசி டப்பாவைக் குனிந்து எடுக்க முடியவில்லை, எதையாவது யாரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலைமை, எனக்கு அந்த வலியைவிடக் கேட்பதுதான் வலித்தது. சின்ன வயதிலிருந்து நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், பென்சிலைக்கூட.

பெலிக்ஸ் பாவம், ஒரு நாள் இரவு கட்டிலில் உட்கார்ந்து, சிலுவை போட்டு, "ஆண்டவரே, என் வீட்டுக்காரி வலிய எனக்குக் கொடும்" என்று எனக்குக் கேட்கும்படி வேண்டிவிட்டுப் படுத்தார். காலையில் எழுந்து மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டு மேலே வந்தவர், சமையலறை வாசலில் என் முகத்தைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்து அப்படியே நின்றார். "நடுவுல தூங்கிட்டேன்போல" என்றார். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அன்றிலிருந்து நான் சொல்லாமலேயே துணியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனது அவர்தான், காயப்போடும் லட்சணம் வேறு விஷயம்.

ஆகவே வலியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு முழுச் சம்மதம், வாங்கிக்கொள்ள மைனிக்கும் முழுச் சம்மதம், நடுவில் ஒரே ஒரு தடங்கல், மைனி எனக்காக வேண்டவேண்டும். வேண்டினாள். அந்தோனியாரின் சிறு கோயிலான குருசடியில் மெழுகுதிரி கொளுத்தி, இப்போதுதான் மடங்க ஆரம்பித்திருக்கிற முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் விரித்து எனக்காக வேண்டினாள், ஒன்றும் வரவில்லை. உபவாசம் இருந்து வேண்டினாள், நெஞ்செரிச்சல் வந்தது, அது அவளுடையதேதான். கடைசியில் சாமியாரிடம் போனாள்.

"மனசார வேண்டணும்மா" என்றாராம் அவர். "ஹில்டாவுக்கு நல்லது நடக்கணும்னு வேண்டினீங்களா, வலி உங்களுக்குத் திரும்ப வேணும்னு வேண்டினீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே ஃபாதர்."

"இல்லையே" என்று சொல்லி இருமினாராம், பெண் குரலில்.

அதற்குப் பிறகுதான் மைனி தினமும் சாயந்திரம் என் வீட்டுக்கு ஏறி வர ஆரம்பித்தாள். "உன்ட்ட நல்லதா என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டு, விலைக்கு வந்த வீட்டைப் பார்க்கிறவள் மாதிரி ஓர் அறை விடாமல் நடந்தாள்.

"டப்பாவுக்கெல்லாம் பேரெழுதி ஒட்டியிருக்கியே, இது நல்ல பழக்கமா, திமிரா?"

"கான்வென்ட்ல பழகுனது மைனி."

"அப்போ திமிருதான்."

என் மீன்குழம்பைக் கரண்டியில் எடுத்துக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, "புளி கம்மி" என்றாள். நான் மடித்து வைத்திருந்த சேலைகளைப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். பெலிக்ஸைப் பார்த்து, "இந்த மனுசன் நல்ல மனுசன், ஆனா அது உன் கணக்குல வராது" என்றாள். நான் முக்காலியிலிருந்து எழும்போது அந்த முனகல் என் வாயில் வந்தால் மட்டும் முகம் கனிந்து பக்கத்தில் வருவாள், என்னைப் பார்க்க அல்ல, அதைப் பார்க்க. "சூசைய இழுத்துச் சொல்லணும்டி. சேசு, மரி ரெண்டும் சட்டுன்னு வரணும், சூசைய இழுத்து விடணும், அப்பத்தான் அது இறங்கும்" என்று சொல்லிக் கொடுப்பாள், உப்பை வறுத்துத் துணியில் கட்டி எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று தன் கையாலேயே வைத்துக் காட்டுவாள். அதற்கு வெயில் ஆகாது, உருளைக்கிழங்கு ஆகாது, மழை வருகிறதென்றால் முந்தின நாளே சொல்லும், சொன்னால் துணியை எடுத்துவிடு. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவாள், அதற்கும் அவள் கை பட்டால்தான் கொஞ்சம் அடங்கும்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பவள் ஏழு மணி ஆனால் பேச்சை நிறுத்திவிடுவாள். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து மேசை மேல் முகம் மேலே பார்க்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஏழேகால் ஆனதும் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, போறேன்" என்று இறங்கிவிடுவாள். ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன், எனக்கு ஏது பொறுமை, கேட்டுவிட்டேன்.

"யாரு மைனி கூப்பிடணும்?"

"டெரன்ஸ்."

டெரன்ஸ் அவள் ஒரே மகன், மஸ்கட்டில் இருக்கிறான்.

"டூட்டி முடிஞ்சி ரூமுக்குப் போற வழியில தெனம் கூப்பிடுவான். முட்டி எப்படிம்மா இருக்கும்பான். சொல்லுவேன். தைலம் தேச்சியாம்பான். தேச்சேன்ம்பேன். வச்சிருவான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அவன் அப்பன் மாதிரி, பேச்சு வராது." போனின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "போன மாசம், முட்டி சரியாயிட்டுல, சுத்தமா வலியே இல்லன்னு சொன்னேன். ரொம்ப சந்தோசம்மா, இனிமே எனக்குக் கவலை இல்லன்னான். அதோட சரி."

"வலிக்குன்னு ஒரு பொய் சொல்லிருக்க வேண்டியதுதானே மைனி."

"எப்படிட்டி பொய் சொல்லுறது, ஞாயித்துக்கிழம நன்ம எடுக்கணும்லா" என்று அவள் என்னை, இவளிடம் நல்லது தேடி வந்தேனே என்பது போலப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது, நாற்காலியும் இல்லை, முன்வரிசையும் இல்லை, நான் அடுப்பு முன்னால் நின்று எரிச்சலில் உருவிக்கொண்டு வந்தது அந்தக் கிழவியின் ஏழு மணியை. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று அவள் மேல் கோபம் வந்தது, அந்தப் பயல் மேல் அதைவிடக் கோபம் வந்தது. ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்து வேண்டலாம்தான். ஆனால் வேண்டினால் என்னென்ன நடக்கிறது என்று பார்த்தாகிவிட்டது, தவிரவும், போன் செய்தால் தீரும் காரியத்துக்கு ஆண்டவரை எதற்குக் கூப்பிட வேண்டும், அவருக்கு உலக சமாதானமே தலைக்கு மேல் கிடக்கிறது. மைனி கீழே இறங்கிய கையோடு பெலிக்ஸின் போனில் நம்பரைத் தேடி எடுத்தேன். டெரன்ஸ் முதல் தடவை நன்மை வாங்குவதற்கு முன்னால் அவனுக்குப் புதுநன்மை வகுப்பு எடுத்தவள் நான்.

"ஏல டெரன்ஸ், ஹில்டா டீச்சர் பேசுதேன்."

"டீச்சர்... அம்மாவுக்கு என்னாச்சி?"

"ஒண்ணும் ஆகல. அதான் பிரச்சினை."

"முட்டி சரியாயிட்டுன்னு சொன்னாங்களே டீச்சர்."

"சரியாயிட்டு. ஏன், உங்கம்மாவுக்கு முட்டியத் தவிர வேற ஒண்ணுமே கிடையாதா? கண்ணு இருக்கு, காது இருக்கு, நாக்கு ஒண்ணு இருக்கு, அதப் பத்தி ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான்போல. "என்ன பேசுறதுன்னு தெரியல டீச்சர். முட்டின்னா ஒரு விசயம் இருந்துச்சி" என்றான். குரலைக் கேட்டதும், வகுப்பில் ஜெபம் மறந்துபோய் என் முன்னால் பெருவிரலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிற்பானே, அதே பயல்தான் என்று தெரிந்தது. கெட்டவன் இல்லை, தெரியாதவன்.

"பேசத் தெரியலன்னா கேளு. இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேளு. மீன் என்ன வெலன்னு கேளு. ஹில்டா வீட்டுக் கொழம்பு எப்படி இருந்துச்சின்னு கேளு, அதுக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்கு அடுத்த டூட்டி வந்துரும். நான் சொல்லித்தான் கேக்கன்னு மட்டும் சொன்னன்னா முழங்கால்ல நிக்க வச்சிருவேன்."

"எனக்கு முப்பத்தெட்டு வயசாவுது டீச்சர்."

"முழங்கால் இருக்குல்லா?"

மறுநாள் ஏழு மணிக்கு மைனி மேலே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. படிக்கட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றால் கீழ்வீட்டிலிருந்து அவள் குரல் வரும், ஊழி மீன் இன்று என்ன விலை, யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், தார்சிஸ் சார் துண்டு கட்டிய கதை, அது எந்தப் பக்கத்துக் கன்னம், நடுநடுவே அவள் சிரிப்பு, அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை, ஏதோ பாத்திரத்தை உருட்டிவிட்டது போல இருந்தது. ஏழேகால் தாண்டும், ஏழரை தாண்டும். எனக்குச் சாயந்திரங்களில் வீடு கொஞ்சம் காலியாகத்தான் இருந்தது, உப்பு முடிச்சை நானே வைத்துக்கொண்டேன், இடம் சரியாக அமையவில்லை.

முட்டியைப் பற்றி மைனி பேசுவதையே விட்டுவிட்டாள். முட்டி இல்லாமல் வாழ்வது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. காலையில் மீன் ஏலம் விடும் இடத்துக்கே நடந்து போனாள், கடற்கரையில் மணலில் உட்கார்ந்து எழுந்தாள், நன்மை வரிசையில் நின்று முன்னால் நகராமல் நிற்பவர்களை முதுகில் தட்டினாள். மாதா திருவிழாவுக்குச் சப்பரத்தோடு ஊர் முழுக்க நடக்கப்போகிறேன் என்று சொல்லி, பின்னால் வார் வைத்த புதுச் செருப்பு ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்து பழகினாள். ஒரு நாள் மதியம் அந்தச் செருப்போடு என் வீட்டுக்கு ஏறி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, என்னைப் பார்க்காமல் கதவில் ஒட்டியிருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பயலுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றாள்.

நான் முட்டியில் உப்பு முடிச்சை நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்கு உன் கொழம்புல புளி கம்மின்னு சொன்னேன்லா. கம்மி இல்ல. சரியாத்தான் இருந்துச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். பெலிக்ஸ் பாய் விரித்தார், நான் நீல நாற்காலியில் மெத்தை மேல் உட்கார்ந்து இடது காலை முக்காலியில் நீட்டிக்கொண்டேன், பாலை அடுப்பில் சிறு தீயில் வைத்தாகிவிட்டது, வாசலில் செருப்புகளுக்கு நடுவே மைனியின் புதுச் செருப்பு தனியாகத் தெரிந்தது. பாயின் ஓரத்தில், சுவருக்குப் பக்கத்தில், மைனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், சப்பரத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபமாலை முடிந்தது, வாசகம் முடிந்தது, தார்சிஸ் சார் உலக சமாதானத்துக்காக வேண்டினார், ரொட்டிக்கடை சகாயத்தின் அம்மா உலக சமாதானத்துக்காக வேண்டினாள், தரகர் மதலைமுத்து திருத்தந்தையின் கருத்துகளுக்காக வேண்டினார். "வேற யாருக்காவது விண்ணப்பம் இருந்தா சொல்லலாம்" என்றார் சார், என் முட்டியைப் பார்க்காமல். எல்லாரும் என் முட்டியைப் பார்க்காமல் அவரவர் பாயின் கோரையைப் பார்த்தார்கள். நானும் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கமில்லை என்று சொன்னேனே.

"அப்போ எல்லாரும் கண்ண மூடி, மனசுக்குள்ளேயே மௌனமா மன்றாடுவோம்" என்றார் சார். அதுதான் இப்போது எங்கள் வழக்கம், மனசுக்குள் என்றால் யார் வேண்டினார்கள், யார் வேண்டவில்லை என்று கேட்க முடியாது பாருங்கள். எல்லாரும் கண்ணை மூடினோம். மின்விசிறி சுற்றியது. மெழுகுதிரி வாசனை வந்தது. யாரோ ஒருவருடைய வயிறு கடமுட என்றது, அது சொந்த வயிறா, வந்த வயிறா தெரியவில்லை.

அந்த மௌனத்துக்கு நடுவே, பாயின் ஓரத்திலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு, சேசுவையும் மரியையும் சட்டென்று சொல்லி, சூசையை இழுக்கவேண்டிய அளவுக்கு இழுத்து, ஒரு முனகல், அவ்வளவு சரியாக அதை என்னால் ஒரு நாளும் சொல்ல முடிந்ததில்லை. முக்காலி மேல் இருந்த என் காலில் மேலே ஊசி இல்லை, கீழே ஊசி இல்லை, நடுவில் வெந்நீர் இல்லை, வெறும் கால் இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அன்று மனசார வேண்டியது யார் என்று எல்லாருக்கும் காதாலேயே தெரிந்துவிட்டது, யாரும் கண்ணைத் திறக்கவில்லை, தார்சிஸ் சார்கூட.

"யாராவது அந்த நாற்காலிய இங்கிட்டு எடுத்துப் போடுங்களேன்" என்றாள் மைனி.

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது, அதற்குக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் உட்பட.